சார்ஜாவிலிருந்து எந்த விஆர் ஹெட்செட் வாங்கி வரச் சொல்வது?

கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார். சார்ஜாவில் இருக்கும் மச்சான் ஓணத்துக்கு ஊருக்கு வருகிறார், வரும்போது ஒரு விஆர் ஹெட்செட் (முகத்தில் மாட்டினால் வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பது போலக் காட்டும் கருவி) வாங்கி வரச் சொல்லலாம், முப்பதாயிரம் வரை போகலாம். பெரியவன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான், அவனிடம் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் இருக்கிறது. சின்னவளுக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குக் காசியைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, முட்டி வலியால் இனி போக முடியாது. ஆயிரம் ரூபாய்க்கும் விஆர் என்கிறார்கள், மூன்று லட்சத்துக்கும் விஆர் என்கிறார்கள், எதைத்தான் எடுப்பது?

அண்ணா, நான் கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். கல்ஃபிலிருந்து வந்து இறங்கிய பல ஹெட்செட்டுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பாதி எந்தப் பழுதும் இல்லாதவை, தவறான வீட்டுக்கு வந்து சேர்ந்தவை, அவ்வளவுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நம்ம பக்கம் போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கும்போது எத்தனை ஹெச்பி என்று மட்டுமா பார்க்கிறோம்? ஸ்பேர் பொள்ளாச்சியில் கிடைக்குமா, காயில் கட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தானே காசை எடுக்கிறோம். ஹெட்செட்டும் அப்படித்தான். நீங்கள் வாங்குவது முகத்தில் மாட்டும் அந்தப் பெட்டியை மட்டும் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் கடையையும் சேர்த்து. கேம், வீடியோ, படிப்பு எல்லாம் அந்தக் கம்பெனியின் ஸ்டோர் வழியாகத்தான் வரும், வாங்கினதெல்லாம் அந்த அக்கவுண்டோடு ஒட்டிக்கொள்ளும், கம்பெனி கைவிட்டால் பெட்டி நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. போனைச் செருகும் வகையில் சாம்சங்கின் கியர் விஆர் 2015 இல் வந்தது, 2020 இல் அதற்கான சேவை முடிந்தது. கூகுளின் டேட்ரீம் 2016 இல் அறிவிக்கப்பட்டு 2019 இல் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி என்று பல கம்பெனிகள் ஹெட்செட் செய்து விற்றன, மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அதைக் கைவிடுவதாகச் சொல்லி, விண்டோஸ் 11 இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து எடுத்தே விட்டது. கண்ணாடி, திரை, கையில் பிடித்து இயக்கும் கன்ட்ரோலர் எல்லாம் நல்ல நிலையில் இருந்த ஹெட்செட்டுகள் ஒரு அப்டேட்டில் வேலை செய்யாமல் போயின. சோனியின் முதல் பிளேஸ்டேஷன் விஆருக்காக வாங்கிய கேம்கள் இரண்டாவது விஆரில் அப்படியே ஓடாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாங்கினால் வருத்தம் இருக்காது.

சரி, வகைக்கு வருவோம். ஹெட்செட்டுகளை வகை பிரிக்க நான் கேட்பது ஒரே கேள்விதான்: கணக்குப் போடும் மூளை எங்கே இருக்கிறது? உங்கள் போனிலா, கம்ப்யூட்டரிலா, கேம் கன்சோலிலா, இல்லை ஹெட்செட்டுக்குள்ளேயேவா.

போன் செருகும் வகைதான் நீங்கள் சொன்ன அந்த ஆயிரம் ரூபாய்ப் பெட்டி. 2014 இல் கூகுள் அட்டைப் பெட்டியில் இரண்டு லென்ஸ் வைத்துக் காட்டியதிலிருந்து தொடங்கியது, நம் ஊரில் ஜியோடைவ் 2023 இல் 1,299 ரூபாய்க்கு வந்தது. இதில் பெட்டிக்குள் லென்ஸைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. போனில் இருக்கும் சென்சார் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா, தோள் பக்கம் சாய்கிறதா என்று மட்டும் அறியும். நீங்கள் ஒரு அடி முன்னால் வைத்தால் அதற்குத் தெரியாது, காட்சியும் உங்களோடு சேர்ந்து நகரும், அங்கேதான் பலருக்கு மயக்கம் வரும். அப்புறம் போன் திரையை இரண்டு கண்ணுக்கும் பாதிப் பாதியாகப் பிரிப்பதால், சாதாரண 1080 க்கு 2400 புள்ளித் திரையில் ஒரு கண்ணுக்கு 1080 க்கு 1200 தான் வரும். அதிலும் ஓரம் வீணாகும். பிடித்துப் பார்க்க, விஆர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டரோடு சேர்த்து ஓட்டுவது. 2016 இல் ஆக்குலஸ் ரிஃப்டும் ஹெச்டிசி வைவும் வந்ததிலிருந்து நல்ல படக்காட்சி வேண்டும் என்பவர்கள் போகும் வழி இது. வைவிலும் 2019 இல் வந்த வால்வ் இண்டெக்ஸிலும் அறையின் மூலைகளில் சின்னச் சின்னப் பெட்டிகளை உயரத்தில் மாட்ட வேண்டும், அவை அறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத லேசர் கதிரை வீசிக்கொண்டே இருக்கும், ஹெட்செட்டிலும் கன்ட்ரோலரிலும் உள்ள சென்சார்கள் அந்தக் கதிர் எந்த நொடியில் தங்களைத் தொட்டது என்பதை வைத்து இடத்தைக் கணக்கிடும். துல்லியம் அருமையாக இருக்கும், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாலும் தவறாது. இதன் கடை ஸ்டீம். இதில் ஒரு பெரிய நன்மை, ஸ்டீமில் வாங்கிய கேமை நாளைக்கு வேறு கம்பெனி ஹெட்செட் வாங்கினாலும் அதே கம்ப்யூட்டரில் ஓட்டலாம். 2020 இல் வந்த ஹாஃப் லைஃப் அலிக்ஸ் மாதிரியான கேம் கம்ப்யூட்டரில்தான் ஓடும். ஆனால் கம்ப்யூட்டருக்கே ஒரு லட்சம் ஆகிவிடும். உங்கள் பையனின் 1650 கார்டு இதற்குத் தாங்காது, இதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள். ஒரு கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படத்தை நொடிக்கு 90 தடவை வரைந்துகொண்டே இருக்க வேண்டும், அது அடிக்கடி தவறினால் தலை சுற்றும். லேப்டாப்பில் வேறு கேம் நன்றாக ஓடுகிறதே என்பான். அது வேறு, இது வேறு.

மூன்றாவது கன்சோல். பிளேஸ்டேஷன் விஆர்2, 2023 பிப்ரவரியில் வந்தது. ஓஎல்இடி திரை, ஒரு கண்ணுக்கு 2000 க்கு 2040 புள்ளி, இருட்டுக் காட்சியில் கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருக்கும், கண் எங்கே பார்க்கிறது என்றும் கண்டுபிடிக்கும். ஆனால் தனியாக ஓடாது, சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோல் வேண்டும். 2024 இல் கம்ப்யூட்டரில் இணைக்க ஒரு அடாப்டர் விற்கத் தொடங்கினார்கள், அதில் இணைத்தால் கண் பின்தொடர்வதும் எச்டிஆரும் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் எடுப்பாகக் காட்டும் வசதி) கிடைக்காது. வீட்டில் ஏற்கெனவே பிஎஸ்5 இருக்கிறவர்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். உங்களிடம் இல்லை, விட்டுவிடுங்கள்.

நான்காவது தனித்து ஓடுவது, மூளை, பேட்டரி, திரை, கேமரா எல்லாம் உள்ளேயே. இதை வீட்டுப் பொருளாக மாற்றியது 2019 இல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட். ஹெட்செட்டின் முகப்பில் இருக்கும் கேமராக்கள் அறையைப் பார்த்து, மேஜை முனை, கதவு நிலை, காலண்டர் என்று அடையாளம் பிடித்து நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கணக்கிடும். சுவரில் எதையும் மாட்ட வேண்டாம், ஒயர் இல்லை. வெறும் வெள்ளைச் சுவரும் பெரிய நிலைக்கண்ணாடியும் மட்டும் இருக்கும் அறை இதற்கு ஆகாது, வெளிச்சமும் ஓரளவு வேண்டும். இப்போது ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவின் பெயரில் வரும் குவெஸ்ட் 3 (2023 அக்டோபர், வந்தபோது 499 டாலர்) மற்றும் குவெஸ்ட் 3எஸ் (2024 அக்டோபர், வந்தபோது 299 டாலர்) இரண்டும்தான் உங்கள் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வருகிறவை.

இரண்டிலும் ஒரே சிப், ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 ஜென் 2. அதனால் ஒன்றில் ஓடுவது மற்றதிலும் ஓடும். வித்தியாசம் லென்ஸில். 3எஸ் இல் ஃபிரெனெல் லென்ஸ். டேப் ரெக்கார்டர் காலத்து இசைத்தட்டைப் போல வட்ட வட்டமாக வரி இருக்கும், மெல்லியது, மலிவு, ஆனால் நடுவில்தான் தெளிவு, ஓரம் மங்கும், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அதிலிருந்து ஒளி கசிந்து நீளும். 3 இல் பான்கேக் லென்ஸ், வெளிச்சத்தை உள்ளே மடக்கி மடக்கி அனுப்புவதால் ஹெட்செட்டின் முகப்பு ஒல்லி, ஓரம் வரை தெளிவு. புள்ளியும் அதிகம், ஒரு கண்ணுக்கு 2064 க்கு 2208, 3எஸ் இல் 1832 க்கு 1920. எடை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, 515 கிராம் பக்கம். பேட்டரியும் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான்.

லென்ஸைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கண் இடைவெளி. இரண்டு கருவிழிக்கும் நடுவில் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும், பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர் அளவில். குவெஸ்ட் 3 இல் ஒரு சக்கரத்தைத் திருப்பி வேண்டிய அளவுக்குச் சரியாக வைக்கலாம். 3எஸ் இல் மூன்றே நிலை, 58, 63, 68, லென்ஸைக் கையால் தள்ளி வைக்க வேண்டும். கண் இடைவெளி 60, 66 என்று நடுவில் விழுகிறவர்களில் சிலருக்குக் கொஞ்ச நேரத்தில் நெற்றி வலிக்கும், ஹெட்செட் சரியில்லை என்று என்னிடம் கொண்டு வருவார்கள். கண்ணாடிக் கடையில் பவர் எடுக்கும்போது பிடி (PD) என்று ஒரு எண் எழுதுவார்கள், அதுதான் இது. வீட்டில் எல்லோருக்கும் அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் ஜாக்கிரதையாக மாட்ட வேண்டும், கண்ணாடியின் ஓரம் உரசினால் லென்ஸில் விழும் கீறல் போகவே போகாது. பவருக்கு ஏற்றபடி ஹெட்செட்டுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸும் தனியாகக் கிடைக்கிறது, தினமும் போடுகிறவர்களுக்கு அது நல்லது.

மூன்று லட்சம் என்று சொன்னது ஆப்பிள் விஷன் ப்ரோவாக இருக்கும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு வந்தது. கன்ட்ரோலர் இல்லை, பார்வையால் குறிவைத்து விரலை நுள்ளினால் போதும். திரை அவ்வளவு தெளிவு, எழுத்துப் படிக்கவே கூசாது. சாம்சங்கும் 2025 அக்டோபரில் கேலக்ஸி எக்ஸ்ஆர் என்று ஒன்றை 1,799 டாலருக்குக் கொண்டு வந்தது, அது கூகுளின் ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆரில் ஓடுகிறது, போனில் பழகிய ஆப்கள் அதில் வரும். இரண்டிலும் பேட்டரி தனியாக ஒயரில் தொங்கும். இவை வேலைக்கும் படம் பார்ப்பதற்கும் அருமையான பொருள்கள், குடும்பத்தில் நாலு பேர் மாற்றி மாற்றி மாட்டி விளையாட ஏற்றவை அல்ல. விஷன் ப்ரோவைக் கண்ணாடி போட்டபடி மாட்ட முடியாது, கண்ணாடி போடுகிற ஒவ்வொருவருக்கும் தனி லென்ஸ் வாங்கிச் செருக வேண்டும்.

ஆக, உங்கள் வீட்டுக்குக் குவெஸ்ட் 3எஸ், 128 ஜிபி. பணம் கொஞ்சம் நீட்ட முடிந்தால், அம்மாவும் பையனும் நிறையப் பயன்படுத்துவார்கள் என்று தோன்றினால், குவெஸ்ட் 3. இதில் ஓசை இல்லாத ஒரு லாபமும் இருக்கிறது: பையன் வேலைக்குப் போய் நல்ல கம்ப்யூட்டர் வாங்கினால் இதே குவெஸ்டை ஒயர் வழியாகவோ 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வழியாகவோ இணைத்து ஸ்டீம் கேம்களையும் ஓட்டலாம். ஒரே பெட்டியில் இரண்டு கடை. ரௌட்டர் ஹெட்செட் இருக்கும் அதே அறையில் இருக்க வேண்டும், நடுவில் இரண்டு சுவர் வந்தால் காட்சி இழுக்கும். பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று முதல் குவெஸ்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள், 2024 ஏப்ரலோடு அதற்குப் புதிய ஆப் வருவது நின்றுவிட்டது.

சின்னவளைப் பற்றி. மெட்டாவின் விதிப்படி பத்து வயதுக்குக் கீழ் கூடாது, பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெற்றோர் பொறுப்பில் தனி அக்கவுண்ட். பிளேஸ்டேஷன் விஆர்2 க்கு 12, ஆப்பிளுக்கு 13. குழந்தையின் கண் இடைவெளி பெரும்பாலும் இந்த லென்ஸ் நிலைகளைவிடக் குறைவாக இருக்கும், முகத்துக்கு அரைக் கிலோ எடையும் அதிகம். அண்ணன் மாட்டுகிறான், எனக்கு மட்டும் ஏன் கூடாது என்று அழுவாள், தெரியும். அண்ணன் பார்ப்பதை டிவியில் காட்ட முடியும், அவள் அதைப் பார்த்து வழி சொல்லட்டும், அப்படிச் சேர்ந்து விளையாடும் கேம்களும் இருக்கின்றன. ஒரு வருஷம் பொறுங்கள்.

மயக்கம் பற்றி ஒரு வார்த்தை. ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? உடம்பு வளைகிறது, கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் ஒன்றையொன்று மறுக்கின்றன. விஆரில் இது தலைகீழ், கண் ஓடுகிறது, உடம்பு நாற்காலியில் இருக்கிறது. மலையில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு இதிலும் பெரும்பாலும் சிரமம்தான். முதல் வாரம் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வியர்த்து, வாயில் உமிழ்நீர் ஊறினால் அந்த நொடியே கழற்றிவிட வேண்டும், சமாளித்துப் பழகிக்கொள்ளலாம் என்று தொடர்ந்தால் அடுத்த தடவை ஹெட்செட்டைக் கையில் எடுக்கும்போதே குமட்டும்.

நம் ஊர் வெயில், மழை இரண்டுக்கும் ஹெட்செட் பயப்படும். என் அக்கா பையன் தன்னுடையதைத் திண்ணையில் லென்ஸ் மேலே பார்த்தபடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். பங்குனி மத்தியான வெயில். அடுத்த நாள் மாட்டினால் வலது கண் திரையில் மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி ஒரு மஞ்சள் கோடு, வானத்தைப் பார்த்தாலும் அங்கேதான், சுவரைப் பார்த்தாலும் அங்கேதான். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிப்போமே, அதே வேலையை லென்ஸ் செய்திருக்கிறது, சூரியன் நகர நகர எரிந்த புள்ளி கோடாகிவிட்டது. திரை மாற்றுவதற்குப் புதிதே வாங்கலாம் என்று ஆகிவிட்டது. ஜன்னலோரம், கார் டேஷ்போர்டு, திண்ணை, மூன்றும் கூடாது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் லென்ஸில் பூஞ்சை வரும், கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலைந்தோடு வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பாக்கெட்டை மாற்றுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது. முகத்தில் படும் பஞ்சு வியர்வையை உறிஞ்சி நாறும், ரப்பர் உறை மாட்டிவிடுங்கள். விளையாடும் அறையில் ஃபேன் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று கையைத் தூக்கிப் பாருங்கள், ஓட்டு வீடு என்றால் கட்டாயம் பாருங்கள், விளையாடும் இடத்தைச் சுற்றி ஹெட்செட் போட்டுக் காட்டும் எல்லைக் கோடு தரையைத்தான் காக்கும், தலைக்கு மேல் ஃபேன் இருப்பது அதற்குத் தெரியாது.

மச்சானிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். பெட்டியை அங்கேயே பிரித்துத் தன் அக்கவுண்டில் போட்டுப் பார்க்க வேண்டாம், முதலில் போடுகிறவர்தான் அந்த ஹெட்செட்டின் தலைமை அக்கவுண்ட் ஆகிவிடுவார், அதை மாற்ற எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் பெயரில் அக்கவுண்ட் போட்டுப் பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போது நீங்கள் வாங்குவதை அவனும் பயன்படுத்தலாம். பில்லைப் பத்திரமாகக் கொண்டு வரட்டும், வாரன்டி இந்தியாவிலும் செல்லுமா என்று கடையிலேயே கேட்கட்டும். அங்கத்திய சார்ஜரில் முனை செவ்வகமாக மூன்று கால் இருக்கும், நம் பிளக்கில் ஏறாது, ஆனால் ஒயர் டைப் சி தான், இங்கே ஒரு நல்ல சார்ஜர் போதும்.

கடைசியாக உங்கள் அம்மா. இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். போன வருஷம் என் பெரியம்மாவுக்குக் காசியைக் காட்டினேன். யூடியூபின் விஆர் ஆப்பில் 360 டிகிரி வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, எல்லாம் ஒன்றல்ல. 4கே என்றால் 3,840 புள்ளி, அது முழு வட்டத்துக்கும் பரவிக் கிடக்கிறது, ஒரு நேரத்தில் கண்ணுக்கு வருவது கால்வாசிதான், அதாவது ஏறக்குறைய ஆயிரம் புள்ளி. மங்கலாகத் தெரிவது அதனால்தான். 8கே என்று இருப்பதைத் தேடுங்கள், அது 3எஸ் திரைக்குச் சரியாகப் பொருந்தும். அப்புறம், படகில் போய்க்கொண்டே எடுத்த வீடியோ வேண்டாம், வயதானவர்களுக்குத் தலை சுற்றும். படித்துறையில் கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி எடுத்தது வேண்டும், பார்ப்பவர் அங்கே உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வைத்து, கொண்டையைக் கொஞ்சம் கீழே தள்ளிக் கட்டச் சொல்லி, பின்பட்டையை அதற்கு மேல் வாகாக வைத்து மாட்டினேன். கன்ட்ரோலரைக் கையில் கொடுக்கவில்லை, வீடியோவை நானே போட்டுவிட்டு மாட்டினேன். இரண்டு நிமிஷம் அசையாமல் இருந்தார், சரியாகத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாக வலது பக்கம் திரும்பினார், இடது பக்கம் திரும்பினார், ஆரத்தி தூக்கியதும் இரண்டு கையும் தானாக மேலே போனது. முடிந்ததும் கழற்றப் போனேன். "இருடா, தண்ணி கிட்டத்துல இருக்கு" என்றார். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஒரே மூச்சில் வைக்காதீர்கள், நாற்காலிக்குப் பக்கத்திலேயே நீங்கள் நில்லுங்கள், கழற்றியதும் உடனே எழுந்திருக்க விடாமல் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.